ரேஞ்ச்ஃபைண்டருக்கு மலிவான எஃப்/1.1 லென்ஸ்: வாங்குவதும் பழக்குவதும்

அக்கா மகளின் காதுகுத்துக்கு என் ரேஞ்ச்ஃபைண்டரில், அதாவது பக்கத்து ஜன்னலில் தெரியும் இரண்டு பிம்பத்தை ஒன்றுசேர்த்து ஃபோகஸ் செய்யும் கேமராவில், ஒரு ஃபிலிம் ரோல் முழுக்க, 36 படத்தையும், லென்ஸை முழுசாகத் திறந்து எஃப்/1.1-லேயே எடுத்தேன் (இந்த எண் குறையக் குறையத் திறப்பு பெரிது). கழுவி வந்ததும் பார்த்தால் எல்லாப் படத்திலும் காது அவ்வளவு துல்லியம், கண் மட்டும் வெண்ணெய் தடவியதுபோல மசமசவென்று இருக்கிறது. விழாவே காதுகுத்து என்பதால் வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை. கம்மல் நன்றாக விழுந்திருக்கிறது என்று அக்கா ஒரு படத்தை ஃப்ரேம்கூடப் போட்டுவிட்டாள். ஆனால் நான் வியூஃபைண்டரில் பொருத்தியது கண்ணிமையை. லென்ஸ் போய் உட்கார்ந்தது அதற்கு நாலு விரற்கடை பின்னால்.

லென்ஸிலும் பழுதில்லை, கேமராவிலும் பழுதில்லை. இரண்டுக்கும் பொருத்தம் பார்க்காமல் நான் கல்யாணம் செய்துவைத்ததுதான் தப்பு. பத்தாயிரம் டாலருக்கு மேல் கொடுத்து லைக்கா கம்பெனியின் நோக்டிலக்ஸ் லென்ஸ் வாங்குகிறவர் அந்தப் பொருத்தம் பார்க்கும் கூலியையும் சேர்த்தே கொடுக்கிறார். நானூறு டாலரில் வாங்குகிற நாம் அந்த வேலையை நம் வீட்டு மேஜையில் உட்கார்ந்து செய்ய வேண்டும். செய்தால் லென்ஸ் நன்றாகவே இருக்கும். எப்படிச் செய்வது என்பதைத்தான் எழுதப்போகிறேன், அதற்கு முன்னால் எதை வாங்குவது, எதற்கு வாங்குவது என்று கொஞ்சம் பேசிவிடலாம்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது

ஒளியை அள்ளிக் குடிக்கிற லென்ஸ்களுக்கான போட்டி 1950-களில் ஜப்பானில் சூடுபிடித்தது. 1953-ல் ஜூனோ 50 மி.மீ. எஃப்/1.1, 1956-ல் நிக்கானின் எஃப்/1.1, அதே ஆண்டு கேனானின் எஃப்/1.2, கடைசியாக 1961-ல் கேனான் 7 கேமராவோடு வந்த எஃப்/0.95. அந்தக் கடைசி லென்ஸின் பின்பக்கக் கண்ணாடி எவ்வளவு பெரியது என்றால், ரேஞ்ச்ஃபைண்டரின் கை உள்ளே வந்து தொட இடமில்லாமல் கண்ணாடியின் ஓரத்தையே கொஞ்சம் வெட்டி எடுத்திருப்பார்கள். லைக்கா 1966-ல் எஃப்/1.2 நோக்டிலக்ஸைக் கொண்டுவந்தது, அதன் ஆஸ்பெரிக்கல் (கோள வடிவமில்லாத) பரப்புகளைக் கையால் இழைக்க வேண்டியிருந்தது. பத்து வருடம் கழித்துக் கனடாவில் லைக்காவின் வடிவமைப்பாளர் வால்டர் மாண்ட்லர் அந்தத் தொல்லையே வேண்டாமென்று, ஒளியை அதிகம் வளைக்கும் கண்ணாடிகளைப் பயன்படுத்தி எஃப்/1.0 வடிவமைத்தார். 2008-ல் எஃப்/0.95 நோக்டிலக்ஸ். இதெல்லாம் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கும் சாமான்.

நம் போன்றவர்களுக்குக் கதவு திறந்தது 2009-ல். ஜப்பானில் கொசினா கம்பெனி ஃபோக்ட்லாண்டர் பெயரில் நோக்டன் 50 மி.மீ. எஃப்/1.1 லென்ஸை ஆயிரம் டாலர் அளவில் விற்க ஆரம்பித்தது. அப்புறம் 2017-ல் சீனாவிலிருந்து செவன் ஆர்ட்டிசன்ஸ் 50 மி.மீ. எஃப்/1.1, லைக்கா எம் மவுண்டில் (லைக்கா எம் கேமராக்களில் லென்ஸ் மாட்டும் வாய்), நானூறு டாலருக்குள். 2020-ல் டிடிஆர்ட்டிசன் 50 மி.மீ. எஃப்/0.95. நோக்டிலக்ஸின் அதே எண், பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான விலை.

சரி, இவ்வளவு திறப்பு எதற்கு? வெளிச்சத்துக்கு என்று எல்லோரும் சொல்வார்கள். ஃபிலிமில் எடுப்பவர்களுக்கு அது உண்மைதான். ராத்திரி வீட்டுக்குள் சாதாரண டியூப்லைட் வெளிச்சத்தில் 400 ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு எண்) ஃபிலிம் போட்டால் எஃப்/2-ல் ஷட்டர் 1/30-க்கு இறங்கிவிடும், எஃப்/1.1-ல் அதே இடத்தில் 1/100 கிடைக்கும். குழந்தை தலையைத் திருப்பினால் 1/30-ல் கலங்கும், 1/100-ல் பெரும்பாலும் நிற்கும். ஆனால் டிஜிட்டல் பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா) வைத்திருப்பவர் 6400 ஐ.எஸ்.ஓ. வைத்துவிட்டு எஃப்/2-லேயே எடுத்துப் போய்விடலாம், இந்தக் காரணத்துக்காக அவர் ஒரு பைசா செலவழிக்க வேண்டியதில்லை. அதுவும் எஃப்/1.4-லிருந்து எஃப்/1.1-க்குப் போனால் கிடைப்பது ஒரு ஸ்டாப்கூட (வெளிச்சம் இரண்டு மடங்காகும் அளவு) முழுசாக இல்லை, மூன்றில் இரண்டு பங்குதான்.

மிச்சம் இருப்பது அந்தத் தோற்றம். இரண்டு மீட்டர் தள்ளி நிற்கிற ஆளை 50 மி.மீ. எஃப்/1.1-ல் எடுத்தால் துல்லியமாக விழுவது சுமார் 10 செ.மீ. கனமுள்ள ஒரு பட்டை. ஒரு மீட்டரில் எஃப்/0.95 என்றால் ஏறக்குறைய 2.2 செ.மீ., அதாவது மூக்கு நுனியும் கண்ணும் ஒரே நேரத்தில் கிடைக்காது. சாதாரண எஃப்/2-லும் பின்னணி மங்கத்தான் செய்யும், ஆனால் ஆள் முழுசாகத் தெரிகிற தூரத்திலிருந்தும் பின்னணி கரைந்துபோவது இந்த லென்ஸ்களில்தான். ரேஞ்ச்ஃபைண்டரில் இன்னொரு விசேஷம் உண்டு. நீங்கள் பார்ப்பது லென்ஸ் வழியாக இல்லை, பக்கத்தில் இருக்கும் ஒரு ஜன்னல் வழியாக. அதில் எல்லாமே தெளிவாகத் தெரியும். எது கரைந்தது, எப்படிக் கரைந்தது என்பது படம் வந்த பிறகுதான் தெரியும். எனக்கு அந்தக் காத்திருப்பு பிடிக்கும். கண்முன்னே தெரிந்தால்தான் ஆச்சு என்பவர்கள் லென்ஸ் பார்ப்பதைத் திரையில் காட்டும் மிரர்லெஸ் கேமரா பக்கம் போவது நல்லது, அவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி தேவைப்படாது.

முதலில் உங்கள் பாடி தாங்குமா என்று பாருங்கள்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை, விற்கிறவர் நிச்சயம் சொல்ல மாட்டார். ரேஞ்ச்ஃபைண்டர் என்பது நம் இரண்டு கண் மாதிரி. இரண்டு ஜன்னலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளியோ அவ்வளவு துல்லியமாகத் தூரம் அளக்கும். அந்த இடைவெளியை வியூஃபைண்டர் உருப்பெருக்கத்தால் பெருக்கினால் வருவதுதான் பயன்படும் அடித்தள நீளம். லைக்கா எம்3-ல் அது 62 மி.மீ.-க்குக் கொஞ்சம் மேல். 0.72 உருப்பெருக்கமுள்ள எம்6-ல் கிட்டத்தட்ட 50. ஃபோக்ட்லாண்டர் பெஸ்ஸா ஆர்3ஏ-வில் 37, ஆர்2ஏ-வில் 26-ஐத் தொடுகிறது.

ஒரு லென்ஸுக்கு எவ்வளவு வேண்டும் என்பதற்குக் கைக்கணக்கு இருக்கிறது. ஃபோக்கல் நீளத்தை மி.மீ.-ல் எடுத்து அதே எண்ணால் பெருக்குங்கள், வந்ததை எஃப் எண்ணால் வகுங்கள், பிறகு நூறால் வகுங்கள். அதுதான் குறைந்தபட்சத் தேவை மி.மீ.-ல். 50 மி.மீ. எஃப்/1.1-க்கு 23 வருகிறது, எஃப்/0.95-க்கு 26. அப்படியென்றால் லைக்கா எம் பாடியில் இரண்டு மடங்கு தெம்பு இருக்கிறது, ஆர்2ஏ-வில் எஃப்/0.95 போட்டால் கயிற்றின் மேல் நடப்பதுதான். 75 மி.மீ. எஃப்/1.25 என்றால் 45, லைக்காவிலேயே மூச்சு முட்டும். 90 மி.மீ. எஃப்/1.25 என்றால் 65, எம்3-க்குக்கூடப் பற்றாது. அந்த 90-ஐ ரேஞ்ச்ஃபைண்டரில் முழுசாகத் திறந்து நம்பி எடுத்துவிட்டு லென்ஸைத் திட்டுவது நியாயமில்லை. எலெக்ட்ரானிக் வியூஃபைண்டர் மாட்டக்கூடிய டிஜிட்டல் பாடி இருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.

இதே கணக்கில் 35 மி.மீ. எஃப்/1.2-க்கு வெறும் 10 மி.மீ. போதும். அதனால் பெஸ்ஸா மாதிரி பாடி வைத்திருப்பவர்களுக்கும், இந்த உலகத்துக்குள் முதல்முறை வருபவர்களுக்கும் நான் 35-ஐத்தான் சொல்வேன். தோற்றம் 50 அளவுக்குக் கரையாது, ஆனால் பத்துப் படத்தில் எட்டு தேறும்.

வியூஃபைண்டர் உருப்பெருக்கம் குறைவாக இருந்தால் கண்பகுதியில் திருகும் 1.25 மடங்கு உருப்பெருக்கி ஒன்று வாங்கிக்கொள்ளலாம். லென்ஸில் மிச்சம் பிடித்த பணத்தில் நான் செய்த உருப்படியான செலவு அதுதான்.

எதை வாங்குவது

செவன் ஆர்ட்டிசன்ஸ் எஃப்/1.1, 'சொன்னார்' (Sonnar) என்ற பழைய லென்ஸ் வடிவமைப்பை ஒட்டியது. திறந்து வைத்தால் நடுவில் ஓரளவு கூர்மை, அதைச் சுற்றி ஒரு மெல்லிய பளபளப்பு, ஓரங்கள் சுருண்டு போகும். எடை நானூறு கிராம் சுமார், 70 செ.மீ. வரை பக்கத்தில் போகலாம். ரேஞ்ச்ஃபைண்டரைத் தள்ளும் பின்விளிம்பை, அதாவது கேமை (cam), நாமே நகர்த்திக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள், சோதனை அட்டையும் பெட்டியிலேயே வரும். இந்த ஒரு காரணத்துக்காகவே என் முதல் சிபாரிசு இது. டிடிஆர்ட்டிசன் எஃப்/0.95 இதைவிடத் திருத்தமானது, ஆனால் எழுநூறு கிராம் சுமை. கேமராவில் மாட்டினால் வியூஃபைண்டரின் வலதுபக்கக் கீழ் மூலையை லென்ஸே மறைத்துக்கொள்ளும். அந்த மூலையில் யாரோ கையை நீட்டிக்கொண்டிருப்பது படம் வந்த பிறகுதான் தெரியும்.

நோக்டன் எஃப்/1.1-ஐ இப்போது பழையதாகத்தான் தேட வேண்டும். கட்டுமானம் உறுதி, ஆனால் ஒரு மீட்டருக்குள் போகாது. காசு கொஞ்சம் கூடப் போட முடிந்தால் 2018-ல் வந்த நோக்டன் 50 மி.மீ. எஃப்/1.2 ஆஸ்பெரிக்கலைப் பாருங்கள். பொருத்தம் பார்க்கும் தலைவலி மிகவும் குறைவு, பையில் அடங்குகிற அளவு. எஃப்/1.1-க்கும் எஃப்/1.2-க்கும் படத்தில் வித்தியாசம் கண்டுபிடிப்பவருக்கு நான் டீ வாங்கித் தருகிறேன்.

பழைய கண்ணாடிதான் வேண்டும் என்றால் கேனான் 50 மி.மீ. எஃப்/1.2, திருகு மவுண்ட். திருகு மவுண்ட்டிலிருந்து எம் மவுண்ட்டுக்கு ஒரு மி.மீ. கனமுள்ள வளையம் போதும். வாங்கும்முன் ஃபோன் டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்து முன்பக்கம் சாய்த்துப் பாருங்கள். இந்த லென்ஸில் அபர்ச்சர் (ஒளி நுழையும் திறப்பு) பக்கத்துக் கண்ணாடியில் பனி படர்ந்ததுபோல மங்கல் வருவது சகஜம், சிலதில் அது துடைத்தாலும் போகாமல் கண்ணாடியையே அரித்திருக்கும். 'லேசான ஹேஸ், படத்தில் தெரியாது' என்று விற்பவர் எழுதியிருந்தால், தெரியும் என்று படித்துக்கொள்ளுங்கள். கேனான் எஃப்/0.95 மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் அது தொலைக்காட்சிக் கேமராவுக்காகச் செய்த வகையா என்று பாருங்கள். அதில் ரேஞ்ச்ஃபைண்டர் இணைப்பே இருக்காது. ரஷ்ய ஜூபிட்டர்-3, எஃப்/1.5, இன்னும் மலிவு, அழகாகவும் வரையும், ஆனால் லைக்கா பாடியில் கிட்டத்தில் ஃபோகஸ் தவறுவதில் பெயர் பெற்றது. அதைப் பழக்கப் பொறுமை வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் சுங்க வரியையும் கூட்டிக்கொண்டு விலையை ஒப்பிடுங்கள். திருப்பி அனுப்பும் வசதி இருக்கிற இடத்தில் மட்டும் வாங்குங்கள், ஏன் என்று அடுத்ததில் புரியும்.

பொருத்தம் பார்ப்பது

லென்ஸைக் கழற்றிவிட்டுக் கேமராவின் வாய்க்குள் மேல்பக்கம் பாருங்கள், ஒரு சின்ன உருளை ஒரு கையின் நுனியில் தொங்கும். லென்ஸின் பின்பக்க விளிம்பு அந்த உருளையைத் தள்ளுகிறது. அந்த விளிம்புதான் கேம். நீங்கள் ஃபோகஸ் வளையத்தைச் சுழற்ற, கேம் முன்னும் பின்னும் போக, உருளை நகர, வியூஃபைண்டரில் இரண்டாவது பிம்பம் நகர்ந்து முதல் பிம்பத்தோடு சேர்கிறது. கவனியுங்கள், இதில் எந்த இடத்திலும் கேமராவுக்கு லென்ஸ் உண்மையில் எங்கே ஃபோகஸ் செய்கிறது என்று தெரியாது. கேம் சொல்வதை அது அப்படியே நம்புகிறது. எஃப்/1.1-ல் ஃபிலிம் பக்கத்தில் மன்னிக்கப்படும் பிழை ஒரு பக்கத்துக்கு 0.03 மி.மீ. சொச்சம், தலைமுடியின் பருமனில் பாதி.

போதாக்குறைக்கு 50 மி.மீ. என்று எழுதியிருக்கும் லென்ஸ் சரியாக 50 இருப்பதில்லை. லைக்கா அதன் 50-களை 51.6 மி.மீ. என்ற கணக்கில் செய்தது. பழைய லைக்கா லென்ஸில் இன்ஃபினிட்டி (எல்லையில்லாத் தூரம்) குறிக்குப் பக்கத்தில் 17 என்பது மாதிரி சின்னதாக இரண்டு இலக்கம் பொறித்திருக்கும், அந்த ஒரு லென்ஸின் உண்மையான நீளம் 51.7 மி.மீ. என்று அர்த்தம். தனித்தனியாக அளந்து அதற்கேற்ற கேமைக் கொடுத்திருக்கிறார்கள். நான் மேலே சொன்ன கூலி இதுதான்.

இப்போது வேலைக்கு வருவோம். புது லென்ஸைத் தொடும்முன் பாடியைச் சந்தேகப்படுங்கள். ஏற்கெனவே நன்றாக வேலை செய்கிற ஒரு லென்ஸை மாட்டி, இன்ஃபினிட்டியில் வைத்து, ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் செல்ஃபோன் டவரையோ கோபுரக் கலசத்தையோ பாருங்கள். இரண்டு பிம்பமும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார வேண்டும். பக்கவாட்டில் விலகினால் பாடியைச் சரிசெய்பவரிடம் கொடுங்கள். விலகின பாடிக்கு ஏற்றபடி புது லென்ஸைத் திருகி வைத்தால் அப்புறம் உங்களிடம் இரண்டு கோளாறு இருக்கும்.

பாடி சரி என்று தெரிந்ததும் மேஜைச் சோதனை. பெட்டியில் வரும் அட்டையை நான் பயன்படுத்துவதில்லை, எனக்குத் தீப்பெட்டிதான் வசதி. ஐந்து தீப்பெட்டி எடுத்து, படமுள்ள முகம் கேமராவைப் பார்க்கும்படி நிறுத்தி, ஒன்றுக்கொன்று 2 செ.மீ. பின்னால் இருக்கும்படி ஒரு ஸ்கேலை வைத்துப் படிக்கட்டு மாதிரிச் சாய்வாக அடுக்குங்கள். ஒன்று இன்னொன்றை மறைக்கக் கூடாது. நடுப்பெட்டியில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கனமான செங்குத்துக் கோடு போடுங்கள், ரேஞ்ச்ஃபைண்டருக்குச் செங்குத்துக் கோடு என்றால் கற்கண்டு. கேமராவை டிரைபாடில் வைத்து, நடுப்பெட்டியிலிருந்து சரியாக ஒரு மீட்டர். முழுசாகத் திறந்து, கோட்டின் மேல் ஃபோகஸ் செய்து, ஒரு படம். வளையத்தை இன்ஃபினிட்டிக்குத் திருப்பிவிட்டு, மறுபடி ஃபோகஸ், இன்னொரு படம். இப்படி ஐந்து. ஒரே படத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள், அதில் லென்ஸின் பிழையும் உங்கள் கண்ணின் பிழையும் கலந்திருக்கும்.

ஐந்திலும் ஒரே பெட்டி கூர்மையாக இருந்தால் நல்ல செய்தி, அது நடுப்பெட்டியாக இல்லாவிட்டாலும்கூட. பிழை நிலையாக இருக்கிறது, சரிசெய்யலாம். ஒவ்வொன்றிலும் வேறு வேறு பெட்டி என்றால் ஃபோகஸ் வளையத்தில் ஆட்டம் இருக்கிறதா, உங்கள் கண்ணாடி பவர் சரியா என்று பார்க்க வேண்டும்.

நிலையான பிழை என்றால் லென்ஸின் பின்பக்கம் கேமைப் பிடித்திருக்கும் சின்னத் திருகுகளை, சரியான அளவு ஸ்க்ரூடிரைவரால், கழன்று விழாத அளவுக்குத் தளர்த்துங்கள். கேமை ஒரு மயிரிழை நகர்த்தி, இறுக்கி, மறுபடி ஐந்து படம். எந்தப் பக்கம் நகர்த்தினால் எந்தப் பக்கம் போகும் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், முதல் தடவை எந்தப் பக்கமாவது நகர்த்திப் பாருங்கள், தீப்பெட்டி சொல்லிவிடும். ஆரம்பிக்கும் முன் பழைய இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். நான் குறிக்கவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போயிற்று.

ஒரு மீட்டரில் சரியானதும் இரண்டு மீட்டரிலும் மூன்று மீட்டரிலும் பாருங்கள். இன்ஃபினிட்டியில் வியூஃபைண்டர் பிம்பம் இப்போது கொஞ்சம் விலகித் தெரிந்தால் பதற வேண்டாம், தூரக் காட்சிக்கு வளையத்தைக் கடைசிவரை திருப்பினால் போதும், லென்ஸ் தன் இடத்துக்குப் போய்விடும், பிம்பம் மட்டும்தான் பொய் சொல்கிறது. ஆனால் ஒரு மீட்டரைச் சரிசெய்தால் இரண்டு மீட்டர் கெடுகிறது, இரண்டைச் சரிசெய்தால் ஒன்று கெடுகிறது என்று சுற்றிச் சுற்றி வந்தால் அது கேமின் சரிவே அந்தக் கண்ணாடிக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். நகர்த்தித் தீராது. திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஃபிலிம் பாடி மட்டும் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு சோதனைக்கும் ரோல் கழுவ முடியாது. பின்கதவைத் திறந்து, ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் மங்கலான ஒட்டும் டேப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டி, ஷட்டரை 'பி'-யில் (அழுத்தியிருக்கும்வரை திறந்திருக்கும் நிலை) கேபிளால் திறந்து வைத்து, விளக்கை அணைத்துவிட்டு மேஜைக்கு மட்டும் ஒரு விளக்குப் போட்டால், டேப்பில் தலைகீழாகத் தீப்பெட்டிகள் தெரியும். உருப்பெருக்கியை வைத்து எந்தப் பெட்டி கூர்மை என்று பாருங்கள். இது தோராயம்தான், டேப் இருக்கும் தளமும் ஃபிலிம் இருக்கும் தளமும் நூலளவு வேறுபடும். கடைசி முடிவுக்கு ஒரு ரோல் செலவழித்தே ஆக வேண்டும், ஆனால் ஏழெட்டு ரோல் மிச்சம்.

இன்னொரு சங்கதி. சொன்னார் வகை லென்ஸ்களில் அபர்ச்சரை மூட மூடக் கூர்மையான தளம் பின்னால் நகரும். எஃப்/1.1-ல் கண் மேல் இருந்தது எஃப்/2.8-ல் காதுப் பக்கம் போய்விடும். சைஸ் (Zeiss) கம்பெனியின் சி சொன்னார் எஃப்/1.5 போன்ற பெரிய இடத்து லென்ஸுக்கே இந்தக் குணம் உண்டு, அதனால் மலிவுச் சரக்கு என்று சலித்துக்கொள்ள வேண்டாம். எந்தத் திறப்பில் அதிகம் எடுப்பீர்களோ அதற்குப் பொருத்தி வையுங்கள். இந்த லென்ஸை முழுசாகத் திறந்துதான் எடுக்கப்போகிறோம், எனவே எஃப்/1.1. எஃப்/2.8 வேண்டுமென்றால் ஃபோகஸ் செய்துவிட்டு உடம்பை ஒரு துளி பின்னால் சாய்ப்பேன்.

எடுக்கும்போது

பொருத்தம் முடிந்தும் படம் தவறினால் காரணம் நீங்கள்தான். ஒரு மீட்டரில் 2.5 செ.மீ. பட்டை என்றால் மூச்சு இழுத்து விடுவதிலேயே ஆள் அதைத் தாண்டி ஆடிவிடுவார். நிற்கும்போது ஒரு காலை அரை அடி முன்னால் வைத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, மூச்சை விட்ட பிறகு வரும் அந்தச் சின்ன இடைவெளியில் அழுத்துங்கள். ஃபோகஸ் செய்து முடித்ததிலிருந்து அழுத்துவதற்குள் ஒரு விநாடிக்கு மேல் ஆனால் மறுபடி ஃபோகஸ் செய்யுங்கள், சோம்பல் கூடாது.

முகத்தில் எதைப் பிடிப்பது? கண்ணாடி போட்டவர் என்றால் ஃப்ரேமின் பக்கவாட்டு விளிம்பு, ஆனால் கண் அதற்கு இரண்டு செ.மீ. உள்ளே இருப்பதை மறக்காதீர்கள். இல்லாவிட்டால் கருவிழியில் விழும் விளக்கின் பொட்டு. இரண்டு பொட்டு ஒன்றாகும் நொடி தெளிவாகத் தெரியும்.

அடுத்தது பெரும்பாலானோர் விழும் குழி. ரேஞ்ச்ஃபைண்டரில் ஃபோகஸ் பார்க்கும் இடம் நட்டநடுவில் மட்டும்தான். அதனால் கண்ணை நடுவில் வைத்துப் பொருத்திவிட்டு, முகம் ஓரத்துக்கு வரும்படி கேமராவைத் திருப்புவோம். ஒரு மீட்டரில் 15 டிகிரி திருப்பினால் கூர்மையான தளம் கண்ணுக்கு 3.4 செ.மீ. பின்னால் போய்விடும், பட்டையின் மொத்தக் கனத்தைவிட அதிகம். எஃப்/2.8-ல் இது அவ்வளவாகத் தெரியாது, அதனால் வருடக்கணக்காக இப்படி எடுத்தவருக்கும் இந்த லென்ஸில் திடீரென்று எல்லாம் தவறும். திருப்பாதீர்கள், அப்படியே பக்கவாட்டில் ஒரு சின்ன அடி எடுத்து வையுங்கள். அல்லது திருப்பிவிட்டு மூன்று செ.மீ. பின்னால் சாயுங்கள், பழகினால் கை தானாகச் செய்யும்.

ஒன்றரை மீட்டரிலிருந்து இரண்டரை மீட்டர் வரைதான் என் கணக்கில் இந்த லென்ஸின் நல்ல தூரம். பட்டை ஐந்து செ.மீ.-க்கு மேல் கிடைக்கும், முகம் முழுக்கத் தேறும், பின்னணியும் கரையும். எப்போதும் 70 செ.மீ.-ல் மூக்குக்கு நேராகக் கொண்டுபோய் நீட்டுவது வாங்கின புதிதில் எல்லோருக்கும் வரும் வியாதி, ஒரு மாதத்தில் தெளிந்துவிடும். இலைகளுக்கு இடையில் வானம் தெரியும் பின்னணியைத் தவிருங்கள், ஓரங்களில் ஊதாவும் பச்சையும் வழியும். கறுப்புவெள்ளைக்கு அந்தக் கவலை இல்லை.

வெயிலும் ஈரமும்

பட்டப்பகலில் எஃப்/1.1 ஆசைப்பட்டால் ஒரு கணக்கு போடுங்கள். 400 ஐ.எஸ்.ஓ. ஃபிலிம், உச்சி வெயில், எஃப்/1.1: ஷட்டர் 1/85,000 வேண்டும். எம்6-ல் இருப்பது 1/1000. டிஜிட்டலில் 100 ஐ.எஸ்.ஓ. வைத்தாலும் 1/21,000. வெளிச்சத்தை ஆறு ஸ்டாப் குறைக்கும் என்.டி. ஃபில்டர், அதாவது 64 என்று போட்டிருக்கும், மாட்டினால் அது 1/330-க்கு இறங்கிவிடும். ரேஞ்ச்ஃபைண்டரில் ஃபில்டர் மாட்டினாலும் வியூஃபைண்டர் இருட்டாகாது, லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்.எல்.ஆர்.காரர்களுக்குக் கிடைக்காத சுகம். 400 ஃபிலிமுக்கு அதுவும் போதாது, 1/1300 வரும். உள்ளே 100 போடுங்கள், அல்லது சாயங்காலம்வரை காத்திருங்கள்.

துணி ஷட்டர் உள்ள லைக்கா ஃபிலிம் பாடிகளில் இன்னொரு ஆபத்து உண்டு, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எஸ்.எல்.ஆரில் இருப்பதுபோல நடுவில் பிரதிபலிக்கும் கண்ணாடி மறைக்காததால் சூரியன் லென்ஸ் வழியாக நேராகத் துணிமேல் குவியும். சின்ன வயதில் பூதக்கண்ணாடியால் காகிதம் எரித்தோமே, அதே வேலை, அதுவும் எஃப்/1.1-ல். கழுத்தில் மாட்டிக்கொண்டு வெயிலில் நடக்கும்போது மூடி போடுங்கள். மூடி மறக்கும் ஆள் என்றால் குறைந்தது அபர்ச்சரை எஃப்/16-க்கு மூடி, வளையத்தை ஒரு மீட்டருக்குத் திருப்பி வையுங்கள், சூரியன் கூர்மையாகக் குவியாது. உலோக ஷட்டர் உள்ள பெஸ்ஸாவிலோ டிஜிட்டல் எம்-மிலோ துணி ஓட்டையாகும் பயம் இல்லை.

சென்னை மாதிரிக் கடலோர ஊரில் இருந்தால் லென்ஸைத் தோல் உறைக்குள் பூட்டி பீரோவில் வைக்காதீர்கள், பூஞ்சைக்கு அதைவிட வசதியான வீடு கிடையாது. ரப்பர் விளிம்புள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், ஜெல் நிறம் மாறினால் வாணலியில் வறுத்து மறுபடி போடுங்கள். எல்லாவற்றையும்விட, வாரம் ஒருமுறை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுங்கள்.

என் லென்ஸின் பின்மூடிக்குள் ஒரு துண்டு டேப் ஒட்டியிருக்கிறது. அதில் பொருத்தம் பார்த்த தேதி, பாடியின் பெயர், '1 மீ. சரி, 2 மீ. சரி, 2.8-ல் பின்னால் சாய்' என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். பாடி மாற்றினால் டேப்பையும் மாற்ற வேண்டும். போன மாதம் ஒரு நண்பர் இரவல் கேட்டார், டேப்பைப் படித்துவிட்டு வேண்டாம் என்று கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.